வலி நல்லா வந்திருக்கு

அவள் விளம்பரப் படங்களுக்கு ஓடும் எழுத்தும் ஆடும் பொம்மையும் கணினியில் செய்து கொடுப்பவள். அப்பாவோ தெருவெல்லாம் "என் பொண்ணு சினிமாவுல இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். சினிமாவில் எங்கே இருக்கிறாள் என்று யாராவது குடைந்தால், "உள்ள இருக்கா" என்று வாயை அடைத்துவிடுவார்.

இந்த முறை வந்த வேலை ஒரு மூட்டுவலித் தைலம். அரை நிமிடப் படம். ஒரு கிழவர் வலியோடு நடந்து வருவார், தைலம் தேய்ப்பார், பிறகு குதிப்பார். இந்தக் கதையை உருவாக்க ஒரு கூட்டமே உட்கார்ந்து யோசித்திருந்தது. கதை முடிவானதும் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பினாள். கிழவரின் மூக்கைப் பற்றி மட்டும் ஒரு வாரம் பேசினார்கள். மூக்கு ஒருவழியாக ஓகே ஆகி, பொம்மையை அசைக்க உட்கார்ந்தாள். குதிப்பு சுலபமாக வந்துவிட்டது. நடைதான் மக்கர் பண்ணியது.

"வலிக்கவே இல்லையே" என்றார் தைலக் கம்பெனிக்காரர்.

மாற்றி அனுப்பினாள்.

"இப்ப குடிச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒரு தடவை குளியலறையிலும் ஒரு தடவை மாடிப்படியிலும் விழுந்து எழுந்தவர். இரண்டிலும் தப்பு தரையின் மேல்தான் என்பது அவர் கட்சி. கைத்தடி என்ற பேச்சை எடுத்தால் போதும், "நான் என்ன கிழவனா?" என்று எகிறுவார். எழுபது தாண்டிய மனிதர் கேட்கும் இந்தக் கேள்விக்கு யாரால்தான் என்ன பதில் சொல்ல முடியும்? இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் அவள் கதவருகே போய் நின்றுவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவர் கூடத்தைக் கடந்து பால்கனிக்குப் போனபோது, அவள் செல்போனை எடுத்துப் பின்னாலிருந்து படம் பிடித்துக்கொண்டாள். திருட்டுத்தனம்தான். ஆனால் மாலைக்குள் நடையை அனுப்ப வேண்டியிருந்தது.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்தாள். இடது கால் தரையில் இறங்கும் முன் கொஞ்சம் யோசித்தது. வலது தோள் தூக்கிக்கொண்டது. விரல்கள், எட்டாத தூரத்தில் இருந்த சுவரைத் தேடின. வரைகிறபோது வேலையாகத்தான் இருந்தது. மொத்தமாக ஓடவிட்டுப் பார்த்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு அனுப்பி வைத்தாள்.

கம்பெனிக்காரர் உடனே போன் செய்தார். "வலி நல்லா வந்திருக்கு மேடம். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா?"

கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு அப்பா அவள் அறைக்குள் வந்தார். கண்ணாடி கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு நேராகத் திரையைப் பார்த்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே நடையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்ததால், கிழவர் நடந்துகொண்டே இருந்தார், எங்கும் போய்ச் சேரவில்லை.

"யாரு இது?"

"பொம்மைப்பா."

அப்பா குனிந்து பார்த்தார். தான் நடப்பதைப் பின்னாலிருந்து யார் பார்த்திருக்கிறார்கள்? அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"விழப்போறான் பாரு" என்றார். "கையில ஒரு கம்பைக் குடேன்."

"வேணாங்கிறார்ப்பா."

"வேணாம்னா விட்டுடறதா? வீம்பு பிடிச்ச கிழவன். எடுத்துச் சொல்ல வீட்டுல யாரும் இல்லையா? பொண்ணு கிண்ணு?"

"இருக்கா."

"அவ என்னத்தக் கிழிக்கிறா?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம்.

"பின்னாடி நின்னு செல்போன்ல படம் எடுக்கிறாப்பா."

அப்பா திரையில் ஓடிய இடது காலைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். பஸ்ஸைப் பின்னால் எடுப்பவர் போல நிதானமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்க" என்றார். "சரி, எந்திரி. பால்கனி வரைக்கும் வா."

அவள் எழுந்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பா இவ்வளவு கனமாக இருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை.