மூன்றாம் நாள் குழம்பு

இருக்கிறானா, இல்லையா என்று தெரியாத பிள்ளைக்கு எங்கே சோறு வைப்பது?

கிம் எங் அக்கா கடுகுக்கீரையைக் கையாலேயே கிழித்துப் பானையில் போடுகிறார். கத்தி பட்டால் கசப்பு கூடும் என்பார். எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. அடியில் கொழுப்போடு பன்றிக்கறியும் வாத்தும். மேலே முள்ளங்கி, முட்டைக்கோஸ், பூண்டு, மிளகு. சீனப் புத்தாண்டென்றால் மகாச்சைத் துறைமுகத்தில் எங்கள் சந்து முழுக்க இந்த ஜப்சாய்க் குழம்பு வாசனைதான். முன்னோருக்குப் படைத்த கறியோடு கிடைத்த கீரையெல்லாம் சேர்த்துக் கொதிக்கவைத்து, தீரும்வரை சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிடுவோம்.

அக்காவின் பானை மட்டும் தீர்வதில்லை. மற்றவர்கள் கழுவிக் கவிழ்த்த பிறகும், குறையக் குறையக் கீரை சேர்த்துக்கொண்டே இருப்பார்.

"என்னக்கா, அடுத்த வருஷத்துக்கும் இதேதானா?" என்று மீன் விற்கும் நொய் சீண்டுவாள்.

"ஒன் வாய் மாதிரிதான்டி என் பானையும். மூடுறதே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். கண் மட்டும் பானையைவிட்டு நகராது.

மகன் வுத்துக்கு முதல்நாள் குழம்பு ஆகாது. "எல்லாம் இன்னும் தனித்தனியா கெடக்கும்மா" என்று ஒதுக்கிவிடுவான். மூன்றாம் நாள், கீரை எது, கறி எது என்று தெரியாமல் குழைந்த பிறகு, சோற்றில் ஊற்றி ஸ்பூனால் வாரித் தின்பான். சாப்பாட்டுக் குச்சி பிடிக்க அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். படகு திரும்பி வந்தது, அவன் வரவில்லை. தெற்கே ஏதோ துறையில் இறங்கிப் போய்விட்டான் என்றார்கள் சிலர். அலை அடித்துப் போயிருக்கும் என்றார்கள் சிலர். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை.

அக்காவின் கணவர் ஹோக் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசாதவர். ஆனால் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அதே பேச்சை எடுப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

"எங்கப்பா அம்மாவோட அவனுக்கும் ஒரு கிண்ணம் வையி, எங். செத்துருந்தா பசியோட சுத்துவான்."

"உசுரோட இருந்தா? பெத்தவளே அவனச் சாகடிக்கவா?"

"அப்ப பட்டினி போடு."

அந்த வீட்டில் வேறு சண்டை நான் கேட்டதில்லை. இருவர் சொல்வதும் சரியாக இருந்ததால் அது முடியவும் இல்லை.

இந்த வருடம் படையலுக்கு முன்பாகவே அடுப்பில் பானை ஏறிவிட்டது. யாருக்கும் படைக்காத, புதிதாக வாங்கிய கறி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"இன்னும் படைக்கவே இல்லையேக்கா, அதுக்குள்ள குழம்பா?"

"என் அடுப்பு, என் பானை. நீ போயி ஒன் வேலையப் பாரு."

பானை ஏறிய மூன்றாம் நாள் காலை படையல். மாமனார், மாமியார் கிண்ணங்கள் மட்டும்தான் இருந்தன. ஹோக் எண்ணிப் பார்ப்பதுபோல் சற்று நின்றார். பிறகு கும்பிட்டார்.

மதியம் நாதியற்ற ஆவிகளுக்கான முறை. அவை வீட்டுக்குள் வரக்கூடாது. வாசலில் பாய் விரித்துத் தரையில்தான் வைப்போம். தட்டுக்குத் தட்டு ஓர் ஊதுபத்தி குத்தினால்தான் அது அவற்றுக்குப் போய்ச் சேரும். அக்கா பழம், தேநீர், வறுத்த மீன் எல்லாம் வைத்தார். கடைசியாக உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். சோற்றின் மேல் குழைந்த குழம்பு. பாயின் ஓரத்தில், வாசற்படியை ஒட்டி வைத்தார்.

ஹோக்கின் முகம் தளர்ந்தது. ஊதுபத்திக் கட்டைக் கொளுத்தி, குனிந்து, ஒவ்வொரு தட்டாகக் குத்திக்கொண்டு வந்தார். அந்தக் கிண்ணத்துக்கு வந்தபோது அக்கா உள்ளங்கையால் அதை மூடினார். விரலிடுக்கில் ஆவி வந்தது. சுட்டும் கையை எடுக்கவில்லை. ஹோக் கையிலிருந்த பத்தியோடு நிமிர்ந்து, அடுத்த தட்டுக்குப் போனார்.

அதன் பிறகுதான் அக்கா கையை எடுத்தார். பாவாடை மடிப்பிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துத் துடைத்து, கிண்ணத்தில் வைத்தார்.