குடையைப் பார்த்த நடுவர்

தேவசகாயம் அண்ணனை இந்த ஊரில் பாதிப் பேருக்கு நடுவராகத்தான் தெரியும். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி வளாகத்தில் அவர் பிளம்பர் வேலை பார்க்கிறார் என்பது, வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் ஞாபகத்துக்கு வரும். காஞ்சிபுரத்தைச் சுற்றி எங்கே கால்பந்துப் போட்டி நடந்தாலும் விசில் அவர் வாயில் இருக்கும், மைக் என் கையில் இருக்கும். நான் முனிசாமி. ஆடித் தள்ளுபடி வந்தால் பட்டுக்கடைகளுக்காக ஆட்டோவில் உட்கார்ந்து கத்துவது என் பிழைப்பு. மேட்ச் இருக்கிற நாட்களில் அதே தொண்டையை வைத்துக் கமென்ட்ரி சொல்வேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே காலனி. எங்கள் தாத்தாக்கள் ஒரே நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். என் வீட்டில் மாரியம்மன் படம், அவர் வீட்டில் ஏசு படம், மற்றபடி கூரை ஒழுகுவதில்கூட வித்தியாசம் கிடையாது. ஆனால் ஆள் என்னைப் போல வளைந்து கொடுப்பவர் இல்லை. சொந்த மச்சானுக்குச் சிவப்பு அட்டை காட்டிவிட்டு, அதற்காக ஒரு வருஷம் மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அந்த மச்சான் இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

டீக்கடை டிவியில் வெளிநாட்டு மேட்ச் ஓடினால் எங்களுக்குள் சண்டைதான். அங்கே நடுவர் காதில் கை வைத்து நிற்பார், பிறகு ஓரமாக இருக்கிற திரையில் ஓடவிட்டுப் பார்ப்பார், வந்து தீர்ப்பை மாற்றுவார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. தப்பு என்று தெரிந்த பிறகும் அதையே கட்டிக்கொண்டு அழுவதில் என்ன பெருமை என்று கேட்பேன். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

“இன்னாபா பேசற நீ. கோல் போட்டவன் கையத் தூக்கிக்கினு ஓடறான். அவனை நிக்கவெச்சி, இருப்பா, டிவி பாத்துட்டு வந்து சொல்றேன்னா அது ஆட்டமா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டா? ஆடறவனும் மனுஷன், விசில் ஊதறவனும் மனுஷன். தப்பு நடக்கும். அதுவும் ஆட்டத்துல சேர்ந்ததுதான்.”

“அந்தத் தப்பு யார் தலையில விழுதோ அவங்களக் கேட்டுப் பாருண்ணா.”

“இன்னிக்கு அவன் தலை, நாளைக்கு இவன் தலை. கடைசியில சரியாப் பூடும்.”

எப்படிச் சரியாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அவர் அதை நம்பினார், நம்பியபடி நடந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆண்கள் இறுதிப் போட்டியில் பந்து ஒருத்தன் கையில் பட்டு உள்ளே போனது, அண்ணன் கோல் கொடுத்துவிட்டார். தோற்ற அணியின் மேனேஜர் பாண்டியன், நெசவுக்காரர், செல்போனில் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார். மைதானத்துக்குள் ஓடிவந்து அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் பாக்க மாட்டேன். பாத்தாலும் மாத்த மாட்டேன். விசில் ஊதியாச்சு,” என்றார்.

போட்டிக் கமிட்டித் தலைவர் பத்மராஜ் சாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பட்டுக்கடை முதலாளி, மாகறல் பக்கத்து ஜைனர், சண்டை சச்சரவு என்றாலே ஒதுங்கிப் போகிறவர். செல்போன் வீடியோவை யாரும் ஆதாரமாகக் கொண்டுவரக் கூடாது என்று அந்த வாரமே கமிட்டியில் தீர்மானம் போட்டார். பாண்டியன் போனைப் பையில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கே மனசு சரியில்லை, ஆனால் மைக்கில் அண்ணனைப் பாராட்டித்தான் பேசினேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓரிக்கை போகிற ரோட்டை ஒட்டித்தான் எங்கள் மைதானம். சித்திரையில் பெருமாள் பாலாற்றுக்குப் புறப்படும்போது அந்த ரோட்டு வழியாகத்தான் போவார். போட்டியும் அதே சமயத்தில்தான் நடக்கும், ஊரில் அப்போதுதான் கூட்டம் இருக்கும். சாமி எத்தனை மணிக்கு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. வழிநெடுக மண்டகப்படி, ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்றுதான் வருவார். அதனால் ரைஸ்மில் வளைவில் சாமியின் வெள்ளைக் குடை தெரிந்ததும் நடுவர் விசில் ஊத வேண்டும். ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். எல்லாரும் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக் கும்பிடுவார்கள். சாமி தாண்டிய பிறகு பந்தைப் போட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள்.

தேவசகாயம் அண்ணன் புதிதாக நடுவராக வந்த வருஷம், பந்து கோலுக்குப் பக்கத்தில் இருந்ததால் விசிலைக் கொஞ்சம் தாமதமாக ஊதிவிட்டார். குடை பாதி தூரம் வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவன் சத்தமாகவே சொன்னான்: “அவங்க ஆளு. நம்ம சாமி வந்தா ஊதுவானா?” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணன் அதை மறக்கவே இல்லை. அதன் பிறகு தூரத்தில் மேளச் சத்தம் கேட்டாலே அவர் கழுத்து ரைஸ்மில் பக்கம் திரும்பிவிடும். குடையைப் பார்த்துச் சொல்ல நான் மைக்கோடு உட்கார்ந்திருக்கிறேனே, நான் சொல்கிறேனே என்றால் கேட்க மாட்டார். அந்த ஒரு காரியத்தை மட்டும் அவர் யாரையும் நம்பி விட்டதில்லை.

போன வருஷம் பெண்கள் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் எங்கள் காலனிப் பெண்கள், எதிரில் ஒரு கல்லூரி அணி. எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரி திரிஷா, சாமுவேல் மகள். சாமுவேலும் அண்ணனும் வாலிபத்தில் ஒன்றாகப் பந்து ஆடியவர்கள், சுவர் ஒட்டிய வீடு. திரிஷா ஒரு கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் பிராக்டிஸுக்கு நிற்பாள். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே பெரிய பெரிய அலுவலக அணிகள் ஆள் எடுக்க வரும், எடுத்தால் நிரந்தர வேலை. அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிவிடும். இதுதான் கடைசி என்று காலனி முழுக்கத் தெரியும்.

காலனி ஆடுகிற மேட்ச், எனக்கு வேண்டாம், வேறு நடுவரைப் போடுங்கள் என்று அண்ணன் கேட்டார். கல்லூரி அணியே அவர்தான் வேண்டும் என்று நின்றது. அப்படிப்பட்ட பெயர்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் மேளம் கேட்டது. திரிஷா இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு உள்ளே வந்து வலது காலால் அடித்தாள். பந்து மேல் கம்பத்தின் அடியில் பட்டுக் கீழே விழுந்து, எம்பி வெளியே வந்தது. கோல்கீப்பர் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் விசில் சத்தமும் கேட்டது. கீழே விழுந்த பந்து கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? நான் பார்க்கவில்லை. “அன்பர்களே, பெருமாள் எழுந்தருளுகிறார், அனைவரும் எழுந்து நில்லுங்கள்” என்று மைக்கில் ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். லைன்ஸ்மேன் பையன் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான். நடுவர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரிஷா கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் ஓடித்தான் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று கண்டுபிடித்தாள். சாமி தாண்டிப் போகும்வரை அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு அண்ணனிடம் வந்து கேட்டாள்.

“பெரிப்பா, கோல்தானே?”

“நான் பாக்கலம்மா. பாக்காதத எப்படிக் குடுப்பேன்?”

அவர் பொய் சொல்லவில்லை. பந்தைப் போட்டு ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்தார். பெனால்டியில் எங்கள் பெண்கள் தோற்றார்கள். திரிஷா அடித்தது கம்பத்துக்கு மேலே பறந்தது. கண்ணில் தண்ணீரை வைத்துக்கொண்டு அடித்தால் பந்து வேறு எங்கே போகும்.

ஊர் மொத்தமும் சாமியைப் பார்த்த நேரத்தில் கோலைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு செல்போன். கல்லூரி அணியின் மாற்று ஆட்டக்காரி ஹர்ஷினி, பத்மராஜ் சாரின் தம்பி மகள், தன் தோழியான கோல்கீப்பரைப் படம் எடுக்க அதைக் கோட்டுக்கு நேராக ஸ்டாண்டில் நிறுத்திவைத்திருந்தாள். மறுநாள் காலையில் அவளே அதை எடுத்துக்கொண்டு பெரியப்பா கடைக்கு வந்தாள். ஜெயித்த அணிப் பெண், மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளைக்குக் கோடி நமஸ்காரம்.

கடையின் பின்கட்டில் கமிட்டி கூடியது. பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அது விழுந்து எம்பிய பிறகுதான் விசில் கேட்கிறது. அண்ணன் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. போனை இரண்டு கையாலும் வாங்கி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

“கோல்தான்,” என்றார். “தப்பு என்னுது. மாத்திக் குடுங்க சார்.”

பத்மராஜ் சார் நெற்றியைத் தடவினார். “தேவசகாயம், நீங்க அன்னிக்குச் சொன்னத வெச்சுத்தானே அந்தத் தீர்மானமே போட்டோம்?”

“அன்னிக்கு எனக்குத் தெரியல சார். இப்பத் தெரியுது.”

மூலையில் பாண்டியன் உட்கார்ந்திருந்தார். அவரும் இப்போது கமிட்டியில் ஒருவர். கோபமே இல்லாமல், நிதானமாகத்தான் கேட்டார்.

“எங்க பசங்கன்னா விசில். உங்க காலனிப் பொண்ணுன்னா வீடியோவா?”

அண்ணன் போனைக் கீழே வைத்தார். பாண்டியன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஒரு தப்பைத் திருத்த விடாமல் செய்தவர், அதே சுவரில் தானே போய் முட்டிக்கொண்டு நின்றார். பல வருஷம் நான் பேசிய வாதம் அன்று ஜெயித்தது, எனக்கு அதில் ஒரு பொட்டு சந்தோஷம் இல்லை. கல்லூரி அணிதான் மாநிலப் போட்டிக்குப் போகும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

அங்கிருந்து அண்ணன் நேராகச் சாமுவேல் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சாமுவேல் வாசலில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

“கோல்தான் சாமு. நான் அந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்துட்டேன்.”

“தெரியும். வீடியோ எனக்கும் வந்துது.” சாமுவேல் தரையைப் பார்த்தே பேசினார். “எவனோ ஒருத்தன் எப்பவோ சொன்னதுக்குப் பயந்துக்கினு, இத்தினி வருஷமா கழுத்தத் திருப்பிக்கினே இருந்தியே தேவா. தப்பும் ஆட்டத்துல சேர்ந்ததுன்னு டீக்கடையில சொல்லுவ இல்ல? உள்ள இருக்கறா. அவகிட்ட சொல்லு போ.”

அதற்குள் திரிஷாவே வெளியே வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. அவள் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

“நீ கோல்னு சொல்லிட்ட இல்ல பெரிப்பா, போதும் விடு,” என்றாள். “வேன் வந்துடும்.”

போய்விட்டாள். அன்றோடு அண்ணன் விசிலைத் தொடவில்லை. யாரிடமும் அறிவிக்கவும் இல்லை, கூப்பிட்டால் முதுகு வலி என்பார். திரிஷாவும் ஆடுவதை விட்டுவிட்டாள். அவளுடைய பூட்ஸ் சாமுவேல் வீட்டு ஜன்னலில் ரொம்ப நாள் இருந்தது, இப்போது இல்லை.

இந்தச் சித்திரையில் கமிட்டி தீர்மானத்தை மாற்றிவிட்டது. பத்மராஜ் சார் தன் செலவில் இரண்டு கோலுக்கும் ஒவ்வொரு கேமரா வைத்து, பந்தலுக்கு அடியில் டிவியும் போட்டுக் கொடுத்தார். சந்தேகம் வந்தால் நடுவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதைப் பார்க்கவாவது வாருங்கள் என்று அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, என் மேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். எங்கள் காலனிப் பெண்கள்தான் ஆடினார்கள். திரிஷாவுக்குப் பகல் ஷிப்ட்.

மேளம் கேட்டது. வளைவில் குடை தெரிந்தது. புது நடுவர் விசில் ஊதினார், ஆட்டம் நின்றது. கேமராக்காரப் பையன்கள் இரண்டு பேரும் கேமராவை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். யூடியூபில் நேரலை போட வேண்டுமாம், கமிட்டியே சொல்லியிருந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வேலை என் வேலைதானே. மைக்கை எடுத்து, அன்பர்களே, எழுந்து நில்லுங்கள் என்றேன்.

எல்லாரும் எழுந்து ரோட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பந்து நடுவில் சும்மா கிடந்தது, கோல்கீப்பர்கூட முதுகைக் காட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் ஒருத்தர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “அந்தாளப் பாரு. சாமி வருது, எழுந்திருக்கறானா பாரு. அவங்க ஆளுங்க அப்படித்தான்.”

எனக்குக் கேட்டது, அண்ணனுக்கும் கேட்டிருக்கும். எந்தச் சொல்லுக்குப் பயந்து அவர் அந்தக் கோலைப் பார்க்காமல் விட்டாரோ, அதே சொல். அவர் கழுத்து திரும்பவில்லை. நான் திரும்பி அந்த ஆளிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம், ஆனால் மைக் ஓடிக்கொண்டிருந்தது, நான் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.