பதிலுக்கு இரண்டு தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானே இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான். இருட்டுக் குழியில் இறங்குவதுதான் என் பிழைப்பு. பேய்க்குப் பயந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் போன மழைக்காலத்தில், பட்டப்பகலில், எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஓடையை மூடியிருந்த கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து அதைப் பூங்காவாக்கியிருந்தார்கள். தெருவிலிருந்து படியில் இறங்கினால் தெளிந்த ஓடை, இருபுறமும் நாணல், நடைபாதை. மழை வலுத்தால் ஊர் வெள்ளம் மொத்தத்தையும் அதற்குள்தான் திருப்பிவிடுவார்கள். அதற்கு முன் சங்கு ஊதும். ஊதினால் எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும்.

அன்று மனைவிக்கு டியூட்டி. ஆறு வயது மகளோடு போயிருந்தேன். வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு மைனா என்றே பெயர். எங்கள் தொழில் வழக்கம் ஒன்றை அவளுக்கு விளையாட்டாகச் சொல்லித் தந்திருந்தேன். லிஃப்ட் குழிக்குள் கத்தினால் எதிரொலியில் ஒன்றும் புரியாது. அதனால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவோம். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு இரண்டு தட்டு வரும். வந்துவிட்டால், அந்த ஆளை வெளியே கூட்டி வராமல் நகரக் கூடாது.

மாலை 4.20. எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டதென்று போன். "கதவை நெம்பாதீங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மைனாவைக் காணோம்.

சங்கு ஊதியது.

ஜனம் படியை நோக்கி ஓடியது. நான் மட்டும் எதிர்த்திசையில் ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன். நாணலை விலக்கி விலக்கிப் பார்த்தேன். அவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்... ஓடை கலங்கிச் சிவந்து நடைபாதை மேல் ஏறிக்கொண்டிருந்தது.

பாலத்தடியில் ஒரு பெரிய வடிகால் குழாய். குனிந்து நுழையலாம். அதன் விளிம்பில் கல்லால் தட்டினேன்.

டக்... டக்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டக்... டக்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே பாய்ந்தேன். போன் வெளிச்சத்தில் ஈரச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. மறுபடி தட்டினேன். இன்னும் உள்ளே தள்ளியிருந்து பதில். முழங்கால் வரை தண்ணீர். கையை நீட்டித் துழாவினேன்.

ஒரு சின்னக் கை என் விரல்களைப் பிடித்தது.

ஜில்லென்றிருந்தது. "வாடி செல்லம், போயிடலாம்" என்று இழுத்துக்கொண்டு நடந்தேன். மைனா பேசவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. பயத்தில் வாயடைத்துப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயின் வாய் தெரிந்தது. மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"மைனான்னு ஒரு பாப்பா இங்க கேட்ல நிக்குது. அவங்க அப்பா உடனே மேல வாங்க!"

அதைத் தொடர்ந்து ஒலிபெருக்கியிலேயே அவள் அழுகை. "அப்பா... வாப்பா..."

என் கைக்குள் அந்த விரல்கள் இறுகின.

திரும்பிப் பார்க்கவில்லை.

உதறினேன்.

விடவில்லை.

மறுபடி உதறினேன்...

படியேறி விழுந்தபோது மணி 4.41. குழாய் முழுகிவிட்டிருந்தது. மைனாவை அள்ளி அணைத்துக்கொண்டேன்.

"எப்படிம்மா மேல வந்தே?"

"ஒரு ஆன்ட்டி தூக்கிட்டு வந்தாங்க. அவங்க ஒடம்பெல்லாம் ஒரே தண்ணி."

"பாப்பா தனியாத்தான் சார் வந்துச்சு" என்றார் காவலாளி. பிறகு அவர் முகம் மாறியது. என்னைத் தள்ளி அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"போன வருஷம், இங்க சங்கு வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு அம்மாவும் பையனும் கீழ வெள்ளத்துல மாட்டிக்கிட்டாங்க. அந்தம்மா உடம்பு கிடைச்சது. பையன் இன்னும் கிடைக்கல சார்."

மைனா ஓடி வந்து என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, அந்த ஆன்ட்டி சொன்னாங்க... 'நான் உன்னைக் கொண்டுவந்து விட்டுட்டேன்ல, உங்கப்பா என் பையனைக் கூட்டிட்டு வந்துடுவாரு'ன்னு."

என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"அந்தப் பையன் எங்க, அப்பா?"