கைதட்டிய தாபோ அண்ணை

போன வாரம் குலம் அண்ணை ஓல்டன் நகரிலிருந்து தொலைபேசி எடுத்தார். "தாபோ அண்ணை எங்களை விட்டுப் போயிட்டார்."

"இந்தமுறை வடிவா விசாரிச்சனீங்களோ?"

"ஓம். ஆசுபத்திரிக்குப் போய்ப் பாத்திட்டுத்தான் கதைக்கிறன்" என்று விம்மினார். அதன் பிறகே எனக்கும் அழுகை வந்தது.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது குலம் அண்ணையோடு பழகியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாபோ, நிறவெறி அரசின் சிறையிலிருந்து மீண்டு சுவிஸ் வந்த தென்னாப்பிரிக்கர். நாங்கள் அகதிகளாக வந்த புதிதில், அவரைப் பற்றிய படமொன்று பாடன் நகரில் காட்டப்பட்டது. குலம் அண்ணை போய்ப் பார்த்தார். ஜெர்மன் விளங்கவில்லை. கடைசியில் சிறைக்கதவு மூடியது, சோகப் பாட்டு எழுந்தது. நாங்கள் பார்த்து வளர்ந்த படங்களில் அதற்குப் பிறகு யாரும் பிழைத்ததில்லை. "அருமையான மனிசனை அநியாயமாக் கொன்றுபோட்டாங்கள்" என்று வந்து சொன்னார்.

அடுத்த மாதம் ஓல்டன் தேவாலய மண்டபத்தில் அதே படம் காட்டும் நிகழ்ச்சியில் எங்கள் இசைக்குழுவையும் பாடக் கேட்டிருந்தார்கள். வழக்கப்படி தாபோவின் புகைப்படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றினோம். ஒரு நிமிட மௌனத்துக்கு, இதுவும் எங்கள் மரியாதை முறை போலும் என்று சபை முழுவதும் எழுந்து நின்றது. பிறகு செத்தவீட்டுத் தேவாரம் ஒன்றை உருகிப் பாடினேன். இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்து பலமாகக் கைதட்டினார். அவரையும் புகைப்படத்தையும் மாறிமாறிப் பார்த்தேன்.

"ஐயோ, ஆள் உயிரோட நிக்குது! வரவேற்புப் பாட்டெண்டு சொல்லு" என்றார் குலம் அண்ணை. அப்படியே சொன்னேன்.

திரும்பும்போது ரயிலில் தாபோ எனக்குப் பக்கத்தில் இருந்தார். மனம் கேட்காமல், அரைகுறை ஜெர்மனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "படக்காரர்கள் என்னைச் சிறையோடு விட்டார்கள். நீங்கள்தான் மேலுலகம் வரைக்கும் கொண்டுபோய் விட்டீர்கள்" என்றார். "உண்மையாகவே போகும்போதும் இதையே பாடு. ஆனால் அன்றும் யாராவது கைதட்ட வேண்டும்."

சரி என்று வாக்குக் கொடுத்து, எதிரே இருந்த குலம் அண்ணைக்கும் அதைத் தமிழில் சொன்னேன்.

சனிக்கிழமை அஞ்சலிக் கூட்டத்திலும் அந்தப் படத்தையே போட்டார்கள். அதில் அவர் முழங்குகிறார், முறைக்கிறார், ஓரிடத்திலும் சிரிக்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. அந்த ரயில் சிரிப்பை இனி நான்தான் வைத்திருக்க வேண்டும்.

அதே தேவாரத்தைப் பாடி முடித்தேன். மண்டபத்தில் ஓர் அசைவும் இல்லை. அஞ்சலியில் யார் கைதட்டுவார்கள்? குலம் அண்ணை இரண்டாவது வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு, கண்ணைத் துடைக்காமலே எழுந்து நின்று, தனியாகக் கைதட்டத் தொடங்கினார்.