காமரங்காய்ச் சாறு

மதினிக்குச் சீனி வருத்தம். வெறும் வயிற்றில் நட்சத்திரப் பழமான காமரங்காயின் சாறு குடித்தால் இரத்தத்தில் சீனி இறங்கும் என்று யாரோ அனுப்பிய வீடியோவை நம்பினேன். நோன்பு திறக்கும்போது ஒரு பெரிய கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.

விடிந்ததும் ஓயாத விக்கல், வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"நாட்டு மருந்து ஏதும் குடிச்சீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

மதினி பக்கத்தில் நின்ற தன் கணவரை, என் நானாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இல்ல டொக்டர்."

நானா என்னை ஏசக்கூடாதென்று சொன்ன பொய் அது. நோன்போடு நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

நோன்பு திறக்க மஃரிப் பாங்கு கேட்டது. கையிலெடுத்த பேரீச்சம்பழத்தை வாயில் வைக்க முடியவில்லை. ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே! அந்தச் சாறால கிட்னியெல்லோ பழுதாகுது."

மதினி பிழைத்துவிட்டார். அன்று பகல் முழுக்க நான் பட்டினி கிடந்தேன். அதை நோன்பென்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை.