எட்டு முக்காலி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாங்கள் எட்டுப் பெண்கள். போர்வையை ஒருத்தியாக மடிக்க முடியாது. அந்த முனையில் ஒருத்தி, இந்த முனையில் ஒருத்தி. பத்தொன்பது வருஷமாக என் எதிர்முனையில் நிற்பவள் சட்டாம்பிள்ளை அக்கா. அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் மேனேஜரிடம் போய்ப் பேசுகிறவள் அவள்தான்.

தலையணை உறையையும் துண்டையும் உட்கார்ந்தே மடிக்கலாம். அதற்கு முக்காலி கேட்டு மூன்று தடவை மேனேஜரிடம் போனாள். "மடிக்கிற வேலைக்கு எதுக்கு ஆசனம்?" என்று அனுப்பிவிட்டார். சாயங்காலமானால் அக்காவின் கணுக்கால் வீங்கிவிடும். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவருக்கு அவள் சம்பளம்தான் மருந்து, சாப்பாடு எல்லாம்.

அப்போதுதான் ஒரு காலேஜ் பெண் வந்தாள். பெண்கள், தலைமை, சமுதாய மாற்றம் என்று அவர்களுக்கு ஒரு பாடமாம். புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, நாற்பது மணி நேரம் எங்களோடு வேலையும் செய்ய வேண்டுமாம்.

"மடிச்சியா, சுருட்டுனியா? பாம்பு படுத்திருக்கற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

"பாடத்துல இது இல்லக்கா."

மூன்றாம் வாரம் அவள் அறிக்கை எழுதினாள். கால் வலித்தால் அழுக்குத் துணி மூட்டை மேல் ஐந்து நிமிஷம் உட்காருவோம். அக்காதான் முறை பிரித்து உட்கார வைப்பாள். அதையும் பெருமையாக எழுதிவிட்டாள். ஒரு பிரதி ஆஸ்பத்திரிக்கும் போகும் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. மூட்டையில் உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்று எங்கள் சுவரிலேயே எழுதியிருக்கிறது.

மறுநாள் மேனேஜர் அறையிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

"உங்க நல்லதுக்குன்னுதான்க்கா எழுதினேன்."

"தெரியும். மாட்டினது நான், அழறது நீயா? மூஞ்சத் தொடச்சுக்கோ."

அக்கா உள்ளே போனாள். பின்னாலேயே அந்தப் பெண்ணும் ஓடினாள். நான் போர்வையின் என் முனையைப் பிடித்தபடி, ஆண்டவனே, ஆண்டவனே என்று சொல்லிக்கொண்டு நின்றேன். மறுமுனை தரையில் கிடந்தது.

கால் மணி நேரத்தில் அக்கா திரும்பி வந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"உள்ள தலைமை நர்ஸம்மா இருந்தாங்க. யாரு உக்காந்ததுன்னாங்க. நாந்தான்னேன். இந்தப் பொண்ணு குறுக்க பாஞ்சு, இவங்க மூணு தடவ முக்காலி கேட்டாங்கன்னு சொல்லிச்சு. நர்ஸம்மா மேனேஜரப் பாத்து, 'அழுக்கு மூட்டைல உக்காந்த உடுப்போட சுத்தத் துணியத் தொட்டா கிருமி எங்க போகும்? நாளைக்கே எட்டு முக்காலி வரணும்'னுட்டாங்க."

"அப்ப வேலை?"

"வேலைக்கென்ன, இருக்கு. போர்வையத் தூக்கு."

"முக்காலி நம்ம காலுக்காக இல்லியா?"

"துணிக்காகத்தாண்டி. யாருக்காக வந்தோம்னு முக்காலிக்குத் தெரியவா போகுது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கொடுக்கிறவன் எந்த வாசல் வழியாகக் கொடுப்பான் என்று நமக்கென்ன தெரியும்!

மறுநாள் மத்தியானம் முக்காலிகள் வந்தன. அக்கா உட்கார்ந்து பார்த்து, "கொஞ்சம் ஒசரம்" என்று குறையும் சொன்னாள். காலேஜ் பெண் நோட்டைத் திறந்தாள்.

"இதையும் எழுதட்டுமாக்கா?"

"தாராளமா எழுது. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி எங்ககிட்ட படிச்சுக் காட்டு."

அன்று சாயங்காலம் அவள் படித்தாள். நாங்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்து கேட்டோம்.