கதவைத் திறந்துவைத்துப் பார்த்த படம்

சுமலதா எங்கே போனாலும் முதலில் கதவைத்தான் தேடுவாள். கும்மிடிப்பூண்டியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். வகுப்பில் கதவோரம்தான் அவள் இடம். பள்ளியில் அவள் வாய் திறந்து ஒரு வருடமாகிறது. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள்.

தொழிற்பேட்டையில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை தீ விபத்து ஒத்திகைச் சங்கு ஊதும். ஊருக்கு அது பழகிவிட்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வருடம் அப்படியொரு திங்கட்கிழமை, அப்பா திருமலைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெயிண்ட் கம்பெனி கேட்டில் நின்றிருந்தாள். சங்கு ஊதியது.

"டிரில்தாம்மா. உங்க நைனா இப்ப வந்துடுவாரு" என்றார் வாட்ச்மேன்.

உள்ளே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது நிஜத் தீ. திருமலை வெளியே வரவில்லை.

அதன்பிறகு சங்குச் சத்தம் கேட்டாலே வகுப்பிலிருந்து எழுந்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். "டீச்சருங்களுக்கு பதில் சொல்லியே பேஜாராகீதுடி" என்றாள் அம்மா எல்லம்மா. "இன்னொரு தபா ஓடியாந்தீன்னா படிப்பே வேணாம், என்கூட பேக்கிங் வேலைக்கு வந்துடு."

அடுத்த மாதம் முதல் திங்களன்று பள்ளியில் படம் போட்டார்கள். விபத்துக்குப் பிறகு யாரோடும் பேசாத ஒரு மாணவி மெல்ல மீண்டுவரும் கதை. ஜன்னல்களில் கறுப்புத் துணி, கதவில் தாழ்ப்பாள்.

"உன்ன மாரியே உம்முன்னு கீது பாரு" என்று காதில் கிசுகிசுத்தாள் பக்கத்திலிருந்த வகுப்புத் தோழி ஸ்நேகா. சுமலதா திரையைப் பார்க்கவில்லை. கண் தாழ்ப்பாளிலேயே இருந்தது.

சங்கு ஊதியது.

"டிரில்தான். படத்தப் பாருங்க" என்றார் அன்புராஜ் சார்.

சுமலதா எழுந்து தாழ்ப்பாளை இழுத்தாள். வெயில் பாய்ந்து திரை வெளுத்தது.

"ஏய், கதவ மூடு!"

ஒரு கால் வெளியே வைத்துவிட்டாள். எதிரே வீட்டுக்குப் போகும் சாலை. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பினாள்.

"எல்லாரும் வெளிய வாங்க."

"டேய், பேசுதுடா!" என்று எவனோ சிரித்தான்.

"எங்க நைனாவும் டிரில்னுதான் உள்ளயே இருந்தாரு."

அன்புராஜ் சார் புரொஜெக்டரை அணைத்தார். "எந்திரிங்க. வரிசையா போங்க."

மைதானத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கு ஓய்ந்தது. ஒத்திகைதான்.

"சும்மா வெயில்ல நிக்க வெச்சிட்டியேடி" என்றாள் ஸ்நேகா.

"நில்லு. இன்னா, உருகிடுவியா?"

ஸ்நேகா வாயைப் பிளந்தாள்.

திரும்பி வந்ததும் சார் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"தொறந்தே இருக்கட்டும் சார்."

"வெளிச்சத்துல படம் தெரியாதும்மா."

"தெரியற வரைக்கும் பாக்கலாம் சார்."

அவர் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். சுமலதா கதவோரத்தை விட்டு, ஸ்நேகாவோடு நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். வெளுத்த திரையில் அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. சுமலதா திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.